வலது முன் சில்லு

நாற்பதைத் தாண்டினால் தொடங்கும்.
பால்மாப் பேணிக்குள் கூழாங்கல் போட்டு ஆட்டுகிற சத்தம்.
களனிப் பாலம் ஏறும்போது கூடும்,
இறங்கும்போது ஒன்றும் தெரியாதது போல் இருக்கும்.
பின்னால் இருநூறு பிளாஸ்டிக் கதிரையோடு போனால்
சாவீட்டுக்காரரே திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஹப் அக்சுவேட்டர் என்றான் பஞ்சிகாவத்தையில் ஒருவன்,
வயிற்றில் வந்த நோயைச் சொல்வது மாதிரிக் குரலைத் தாழ்த்தி.
ஒரு பக்கம் இருபத்தெட்டாயிரம்.
இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னான்.
ஒன்று வாங்கினேன்.

கெப் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது.
மெர்லினுக்குப் பாதி, எனக்குப் பாதி.
எந்தப் பாதி யாருக்கு என்று
அப்பாவும் சொல்லவில்லை, நொத்தாரிசும் எழுதவில்லை.
மே மாதத்திலிருந்து அவளோடு என் பேச்செல்லாம்
மோதரைக்கு நூறு, ஜிந்துப்பிட்டிக்கு அறுபது,
திரும்பி வந்தது எத்தனை, கால் உடைந்தது எத்தனை.

ஞாயிறு பூசை முடிந்து
உடுப்பு மாற்றாமல் வந்து நின்றாள்.
ஐந்து நட்டு கழன்றது.
ஆறாவதற்கு ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி
மெர்லின் அதன்மேல் ஏறினாள்.
அசையவில்லை. என்னையும் ஏறச் சொன்னாள்.
விழாமலிருக்க அவள் தோளைப் பிடித்தேன்,
அவள் என் சட்டையை.
மட்டக்குளி ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க
அது கீச்சென்று விட்டுக்கொடுத்தது.

பிறகு ஜக்.
பிறகு சில்லு, கலிப்பர்.
கலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம்,
பிரேக் ஹோஸ் இழுபடக்கூடாது.
பழையது கையில் வந்தபோது
ரப்பர் உதடு கிழிந்திருந்தது, உள்ளே சிவப்பாய் ஏதோ.
மண் என்றேன்.
அப்பா ஏலத்தில் எடுக்குமுன் நிறுவனக்காரரோடு
வன்னியெல்லாம் போய் வந்த வண்டி,
கதவில் அவர்களின் ஸ்டிக்கர் நிழல் இன்னும் கிடக்கிறது.
மெர்லின் விரலில் தேய்த்து முகர்ந்தாள்.
'துரு.'

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.
காற்றை உறிஞ்சிப் பிடித்திருக்கும்வரை பற்கள் விலகி நிற்கும்,
சில்லு தன்பாட்டில் ஓடும்.
கசிந்தால் ஸ்பிரிங் தள்ளும்.
பாதி விலகி, பாதி கவ்வி,
அந்த நிலையில்தான் அரைகிறது.

புதியதைப் பூட்டினோம்.
பிடிக்கிறதா என்று பார்க்கப் பம்ப் இல்லை.
மெர்லின் மெல்லிய குழாயை வாயில் வைத்து உறிஞ்சினாள்,
நாக்கு நுனியால் அடைத்தாள்,
விரலை ஆட்டினாள்: எண்ணு.

கிளிக்.
ஹப்பைச் சுற்றினேன். சுற்றியது.
நடுவில் அச்சு அசையாமல் நின்றது.

பதினொன்றில் சொன்னேன்,
ராகமையில் ஒருவர் கெப்பைக் கேட்கிறார்.
பதினெட்டில்,
முற்பணம் வாங்கிவிட்டேன்.
இருபத்தைந்தில்,
அந்தக் காசில்தான்
நீ இப்போது வாயில் பிடித்திருக்கிறதை வாங்கினேன்.

அவள் கண் என் முகத்தை விட்டுப் போகவில்லை.
நாக்கையும் எடுக்கவில்லை.
எடுத்தால் கசிந்ததா, அவள் விட்டாளா என்று தெரியாது,
முதலிலிருந்து எண்ண வேண்டும்.
நாற்பது. முன்வீட்டில் யாரோ மீன் பொரித்தார்கள்.
ஐம்பது. அவள் மூக்கால் மூச்சு விட்டது கேட்டது.
அறுபது என்று நிறுத்தினேன்.
அவள் விரல் மறுபடி ஆடியது.
எழுபது, எண்பது,
சொல்ல என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டில் விட்டாள்.
கிளிக்.
இப்போது ஹப்பைத் திருப்பினால்
அச்சும் கூடவே வந்தது.

கறுப்பாய்த் துப்பினாள், புறங்கையால் வாய் துடைத்தாள்.
'பிடிக்குது' என்றாள்.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
'இடப்பக்கமும் சத்தம் போடும் எண்டு
ராகமைக்காரனுக்கு ஆர் சொல்றது?'

காக்கைதீவுப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.
முழந்தாளில் இருந்து நட்டுகளைத் தேடினோம்,
வண்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.
ஐந்துதான் இருந்தது.